பன்றிப் புழுவும் என் மகளும்

கோலாலம்பூரில் அரசாங்க ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் உதவியாளனாக வேலை பார்த்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில். அந்த வேலையில் பாதி நாள் பன்றிக் குடலோடுதான் கழிந்தது. கிள்ளான் பக்கத்தில் சீனர்கள் வளர்த்த பன்றிகள் தீனி தின்றும் மெலிந்தன, கழிச்சல் கண்டு செத்தன. காரணம் கண்டுபிடிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து எங்கள் டாக்டருக்கு உத்தரவு வந்திருந்தது. அவர் வெள்ளைக்காரர். ஒட்டுண்ணிப் புழுக்களைப் படித்தவர். நாங்கள் எல்லோரும் அவரைத் துரை என்றே சொல்வோம்.

விடிந்ததும் நான் ஆற்றோரத்து அறுப்புக் கொட்டகைக்குப் போக வேண்டும். அங்கே கத்தி பிடிப்பவர்களில் கட்டைக் குட்டையான ஒரு சீனர் என்னைத் தூரத்தில் கண்டதுமே மலாயில், “சாச்சிங்! சாச்சிங்!” என்று கூவுவார். புழு, புழு என்று அர்த்தம். எனக்கு அங்கே அதுதான் பெயர். கிள்ளான் பன்றி எது என்று காட்டி, அதன் பெருங்குடலை வாளியில் போட்டுக் கொடுப்பார். நான் அதை அங்கேயே நீளவாக்கில் கீறி, கழுவி, உள்சுவரைத் தடவிப் பார்ப்பேன். நல்ல குடல் வழவழவென்று இருக்கும். நோய்ப்பட்ட குடலில் கடுகு தெளித்த மாதிரி முடிச்சு முடிச்சாக விரலில் தட்டும். முடிச்சுகளுக்கு நடுவே நூல் துண்டு போல வெள்ளைப் புழுக்கள் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளம்.

அந்த மாதிரிப் புழு பன்றிக்கு உண்டு என்பது பழைய சங்கதிதான். புத்தகங்களில் படத்தோடு இருந்தது. வாயைச் சுற்றிப் பூவிதழ் போல ஒரு வளையம், ஆண் புழுவின் வால் நுனியில் விரித்த குடை மாதிரி ஒரு சவ்வு. ஆனால் துரை ஒருநாள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, “இது அது இல்லை” என்றார். இதழ்கள் கூடுதலாக இருந்தன. கழுத்து வேறு மாதிரி வீங்கியிருந்தது. ஆண் புழு கிடைத்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றார். எங்களுக்கு அகப்பட்டதெல்லாம் பெண் புழுக்கள்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. கொட்டகை போதாதென்று கிள்ளானுக்கு ரயில் ஏறிப் போய்ப் பன்றிப் பட்டிகளுக்குள்ளேயே இறங்கினோம். முழங்கால் வரை சேறு. பன்றிக்காரர்கள் எங்களைக் கண்டாலே வாசலை அடைத்தார்கள். வியாதி என்று எழுதிவிட்டால் எல்லாப் பன்றிகளையும் சுட்டுப்போடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். எப்படியோ செத்த பன்றி ஒன்றிலிருந்து ஆண் புழுக்கள் கிடைத்தன. வால் சவ்வின் நரம்புகள் புத்தகத்துப் படத்தில் இருந்தபடி பிரியவில்லை. துரை ஒரு முழு வாரம் படம் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். கடைசியில் புழுக்களைச் சாராயத்தில் போட்டு, மெழுகு வைத்து அடைத்து, லண்டனுக்குக் கப்பலில் அனுப்பினோம். அங்கே உள்ளவர்கள் புது இனம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதில் வர மாதக்கணக்காகும். அதற்குள் துரைக்கு இன்னொரு யோசனை வந்துவிட்டது.

இந்தப் புழு மனிதனுக்குள்ளும் வாழுமா என்பதுதான் அது. இதன் முட்டையும் மனிதருக்கு வரும் கொக்கிப்புழுவின் முட்டையும் பார்வைக்கு ஒன்றுதான். மலத்தில் முட்டையைப் பார்த்து இன்னது என்று யாராலும் சொல்ல முடியாது. நாட்டில் கொக்கிப்புழு என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் கொஞ்சம் பன்றிப் புழுவாக இருந்தால்? பன்றிக்காரர்களிடம் மூடி போட்ட சின்னத் தகர டப்பிகளைக் கொடுத்து மலம் கேட்டோம். ஒரு கிழவி எங்கள் கண் முன்னாலேயே டப்பியைச் சாக்கடையில் வீசினாள். ஒருவரும் தரவில்லை. ஆகவே துரை, மறுக்க முடியாதவர்களிடம் கேட்டார். பட்டிகளுக்கும் கொட்டகைக்கும் போய்வந்த எங்களிடமும் எங்கள் வீட்டாரிடமும்.

நான் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே வரிசை வீடுகளுக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருந்தேன். நானும் மனைவியும் ஆறு வயது மகள் பாப்பாவும். நாங்கள் ஆடு, கோழி, மீன் எல்லாம் சாப்பிடுகிறவர்கள். பன்றி மட்டும் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. இந்த வேலை என் மனைவிக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்றாலும் அரசாங்க உத்தியோகம் என்று பொறுத்துக்கொண்டிருந்தாள். டப்பிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, “ஒங்க தொரைக்கு வேற வேலையே இல்லியா?” என்றாள். ஆனால் கொடுத்தாள்.

மறுநாள் என் வீட்டு டப்பிகளை நானே பார்த்தேன். என்னுடையதில் ஒன்றும் இல்லை. மனைவியுடையதிலும் இல்லை. மூன்றாவது கண்ணாடித் துண்டை வைத்து நகர்த்தியதுமே முட்டை தெரிந்தது. மெல்லிய ஓடு, உள்ளே பிரிந்து நிற்கும் சாம்பல் நிற உருண்டைகள். ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. எத்தனையோ பேருடையதில் பார்த்த முட்டைதான். ஆனாலும் மைக்ராஸ்கோப்பின் திருகாணியைத் திருகித் திருகி மறுபடி பார்த்தேன்.

பாப்பா கொஞ்ச நாளாகவே வெளுத்துப்போயிருந்தாள். விளையாடப் போனவள் பாதியில் வந்து சுருண்டு படுத்துக்கொள்வாள். வெயில் என்று நாங்கள் நினைத்திருந்தோம். கண்ணாடியைத் துடைத்துப்போட்டு, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லியிருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அப்புறம் மருந்து எப்படிக் கேட்பது? எழுந்து போய்ச் சொன்னேன்.

துரை வந்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

“எத்தனை வயது?”

“ஆறு.”

“பன்றிச் சேறு அவள்மேல் பட வழி உண்டா?”

நான் சாயங்காலம் கழற்றிப் போடும் பூட்சை அவள்தான் குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போவாள். வெறுங்காலோடு நின்று, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவாள். அது அவளுக்கு விளையாட்டு. அதைச் சொன்னேன். கூடவே, “போன வருஷம் என் மனைவிக்கு மலேரியா வந்தபோது மகள் சில மாதம் கிள்ளானுக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில், அவள் பெரியம்மா வீட்டில் இருந்தாள். அங்கே எல்லோருக்கும் கொக்கிப்புழு உண்டு. அங்கேயிருந்து வந்திருக்கும்” என்றும் சொன்னேன்.

“இருக்கலாம்” என்றார். ஆனால் அவர் கண் என் காலில் இருந்த பூட்சிலேயே நின்றது. “உனக்குப் புரிகிறதா? அது மட்டும் பன்றியுடையதாக இருந்தால், இந்த இனத்தில் மனிதனிடம் கண்ட முதல் புழு அது.”

அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். இருந்தும் அந்தச் சந்தோஷம் தெரிந்துவிட்டது. அவளை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மருந்து கொடுத்து இறங்குவதை எல்லாம் ஒன்று விடாமல் பிடிக்க வேண்டும், புழுவின் வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

வீட்டில் சொன்னபோது மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

“பன்னிப் பூச்சியா? எம் புள்ள வயித்துலயா?”

“இன்னும் தெரியல. தோட்டத்துப் பூச்சியாவும் இருக்கலாம்.”

“நீங்க கொண்டாந்ததா, அங்க புடிச்சதா? அத சொல்லுங்க.”

“அதத்தான் தெரியலன்னு சொல்றேன். ஆஸ்பத்திரியில வச்சு மருந்து குடுத்தா தெரிஞ்சிரும்.”

“எதுக்கு ஆஸ்பத்திரி? சொகமாக்கவா, பூச்சி புடிக்கவா?”

அவள் அடுப்பங்கரையிலிருந்து விறகுக் குச்சி ஒன்றை எடுத்து வந்தாள். பின்வாசலில் கிடந்த என் பூட்சைத் தொடாமல் அந்தக் குச்சியால் தள்ளிக்கொண்டே போய்ச் சாக்கடையில் விட்டாள். பாப்பா அழுதாள். மனைவி அவளை இழுத்து இடுப்பில் சேர்த்துக்கொண்டு சொன்னாள்: “மருந்து குடுக்கட்டும். வேணான்னு சொல்லல. இங்க வந்து குடுக்கட்டும், எங் கண்ணு முன்னால. பாட்டில்ல போட்டு வைக்கிற சாமானா எம் பொண்ணு?”

இதைத் துரையிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் தவித்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் சிவந்தது. கொஞ்சம் நடந்தார். பிறகு, “சரி, நானே வருகிறேன்” என்றார்.

அவருடைய கார் எங்கள் சந்துக்குள் வந்தபோது வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். முதல்நாள் ராத்திரி பாப்பாவுக்குக் கஞ்சிதான். காலையில் பட்டினி. துரை தோட்டத்துக் கூலிகளிடம் பழகித் தமிழ் கற்றவர். என் மனைவியைப் பார்த்து, “நீ பயப்படாதே” என்றார். அந்த ‘நீ’ அவளுக்குச் சுருக்கென்றது. என்னைப் பார்த்து, “பயப்படலன்னு சொல்லுங்க” என்றாள்.

மருந்து, கெனப்போடியம் என்ற ஒரு எண்ணெய். மூக்கைத் துளைக்கும் வாசனை. புழுவுக்கு விஷம். கூடிப்போனால் மனிதருக்கும் விஷம். துரை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பாப்பா வயதுக்குத் தக்கபடி சர்க்கரையில் சொட்டுச் சொட்டாக விட்டார். பாப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். இனி இரண்டு மணி நேரம் காத்திருந்து விளக்கெண்ணெய் கொடுக்க வேண்டும். துரைக்கு நாற்காலி போட்டேன். அவர் நடு அறையில் உட்கார்ந்து, நான் தேய்த்து வைத்திருந்த சல்லடையையும் பீங்கான் தட்டையும் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் பாப்பா தாய் மடியில் தலை வைத்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு நின்றது.

“அப்பா, காதுக்குள்ள ரயிலு ஓடுதுப்பா.”

எங்கள் வீட்டுக்கு ரயில் சத்தம் புதிதல்ல. ஆனால் அப்போது தண்டவாளத்தில் ஒரு வண்டியும் இல்லை. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, “நிக்கச் சொல்லுப்பா” என்றாள். உதடு வெளுத்துவிட்டது. நெற்றியில் குளிர்ந்த வேர்வை. எழுந்து நிற்கப் பார்த்தவள் அப்படியே மடங்கினாள்.

துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து தரையில் மண்டியிட்டார். மணிக்கட்டைப் பிடித்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். “காப்பி. கறுப்பாக, கெட்டியாக. விளக்கெண்ணெய் எங்கே? இப்போதே கொடுக்க வேண்டும்!” என்று இங்கிலீஷில் கத்தினார். நான் அடுப்படிக்கு ஓடினேன். காப்பித் தூளைக் கொட்டியதில் பாதி தரையில் போயிற்று. திரும்பி வந்தபோது என் மனைவி பாப்பாவின் கன்னத்தைத் தட்டித் தட்டி, “தூங்காத கண்ணு, என்னைப் பாரு, இங்க பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரல் உயரவில்லை. சொல்லும் நிற்கவில்லை. துரை அவளோடு சேர்ந்து, “தூங்காதே, தூங்காதே” என்றார். அவர் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. கரண்டியால் காப்பியைப் புகட்டினோம். முதல் வாய் வெளியே வழிந்தது. இரண்டாவது உள்ளே போயிற்று. பல்லை விலக்கி விளக்கெண்ணெயை ஊற்றினோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் பாப்பா அம்மாவின் கையைத் தட்டிவிட்டு, “அடிக்காதம்மா” என்றாள். துரை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாப்பா மடங்கியதிலிருந்து அதுவரை அவர் ஒருமுறைகூடச் சல்லடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

பிற்பகலில் பேதியாயிற்று. மனைவியே சட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “இந்தாங்க. பாத்துட்டு வந்து உள்ளத சொல்லுங்க. எனக்காக மாத்திச் சொல்லாதீங்க.”

பின்புறக் குழாயடியில் சல்லடை வைத்துக் கழுவினேன். தண்ணீர் தெளியத் தெளிய, வலையில் நூல் துண்டுகள் போலச் சில தங்கின. வெள்ளை. அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளம். கண்ணால் பார்த்தால் கிள்ளான் பன்றியின் குடலில் கிடந்ததுதான் இது என்று யாரும் சத்தியம் செய்வார்கள். உப்புத் தண்ணீர்ப் புட்டியில் அவற்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டு துரையின் காரில் ஏறினேன்.

ஆய்வுக்கூடத்தில் துரை உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். புழுவைக் கண்ணாடியில் கிடத்தி, திரவம் விட்டு, அது தெளிந்து உள்ளுறுப்பு தெரியும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தார். குனிந்தார். திருகாணியை மெல்லத் திருகினார். எனக்குத் தெரிந்தது அவருடைய பிடரியும் தோளும்தான். தோள் இறுகி நின்றது. நான் கும்பிடாத சாமி இல்லை. இதழ் இருக்கக் கூடாது, வாயைச் சுற்றி அந்த இதழ் இருக்கக் கூடாது என்று அதையே வேண்டினேன்.

அவர் மூச்சை விட்டார். தோள் இரண்டும் தொய்ந்தன.

அவர் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதருக்கு வந்த ஏமாற்றம்தான் எனக்கு வந்த நல்ல சேதி.

“கொக்கிப்புழு” என்றார் திரும்பாமலே. “சாதாரணக் கொக்கிப்புழு.”

நகரச் சொல்லி நானே பார்த்தேன். இதழ் வளையம் இல்லை. வாய்க்குள்ளே வெட்டுத் தகடுகள் இரண்டு எதிரும் புதிருமாக நின்றன. தோட்டத்து ஆட்களிடம் எத்தனையோ முறை பார்த்த வாய். மீதி இருந்தவற்றையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாம் அதுவே. துரை பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். கடைசிப் புழுவும் முடிந்த பிறகு, “மன்னித்துக்கொள். இதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்” என்றார்.

எனக்கு அப்போது அவர்மேல் ஆத்திரம்தான் இருந்தது. அவர் பாப்பா பக்கத்தில் மண்டியிட்டதும் கண்ணுக்குள் இருந்தது. ஒன்றை வைத்து ஒன்றை அழிக்க என்னால் முடியவில்லை. “போய்ச் சொல்ல வேண்டும், சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பாப்பா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நான் நின்ற நிலையைப் பார்த்தே மனைவி எழுந்துவிட்டாள்.

“தோட்டத்துப் பூச்சிதான். பன்னியோடது இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமா. எல்லாத்தையும் பாத்துட்டேன்.”

அதுவரை அழாதவள் அப்போதுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அப்ப அக்கா புள்ளைங்க வயித்துலயும் இதேதான இருக்கும்?” என்றாள்.

நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. கிள்ளானுக்கு எத்தனை முறை ரயில் ஏறினேன்! பட்டி பட்டியாகப் போனேன். தோட்டத்துக் கூலிகளின் லைன் வீடுகள் அங்கிருந்து கூப்பிடு தூரம். அங்கே ஒரு டப்பிகூட நான் கொடுத்ததில்லை.

“இருக்கும்” என்றேன்.

“புதுப் பூச்சிக்கு இந்த ஓட்டம் ஓடறீங்க. பழைய பூச்சிக்கு யாரு ஓடறா?”

இதைத் துரையிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தோட்டத்து மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கினார். நாங்கள் டப்பிகளோடு போனோம். லைனில் முட்டை இல்லாத பிள்ளையே அநேகமாக இல்லை. மனைவியின் அக்காள் பிள்ளைகள் மூன்று பேருக்கும் இருந்தது. இந்த முறை துரை அளவைக் குறைத்து, இரண்டு தடவையாகப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும், “காதில் ரயில் ஓடுகிறதா?” என்று தமிழில் கேட்டார். பிள்ளைகள் சிரித்தன. அவர் சிரிக்கவில்லை. கக்கூஸ் கட்டிக் கொடுக்கும்படி மேனேஜரைக் கேட்டார். மேனேஜர் பார்க்கலாம் என்றார். நான் அடுத்த தடவை போனபோதும் பிள்ளைகள் ரப்பர் மரத்தடிக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள்.

லண்டன் பதில் வந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. புது இனம்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். லத்தீனில் நீளமான ஒரு பெயர். துரை என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். அவருக்கு வந்த சந்தோஷத்தில் எனக்கும் கொஞ்சம் தொற்றிக்கொண்டதை மறைப்பதற்கில்லை. அந்த ஆண் புழுவைச் சேற்றுக்குள் நின்று எடுத்தது நாங்கள் இருவரும்தானே.

வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். பின்னலை விடாமலே கேட்டாள்: “அப்ப அது மனுசனுக்கு வருமா, வராதா?”

“அது தெரியல. இன்னும் யாருகிட்டயும் பாக்கல.”

“வராதுன்னு எழுதிட்டாங்களா?”

“இல்ல. பன்னிக்கு வரும்னுதான் எழுதியிருக்கு.”

அவள் ரிப்பனை இறுக்கி முடிந்தாள். “தெரியலன்னாவது எழுதச் சொல்லுங்க” என்றாள்.